தேயும் காலமும் தேயா நம்பிக்கையும்

அழிவைப் பாடுவதற்குத் தமிழில் இலக்கண மரபே உண்டு. தலைவன் மாண்டபோது அவனைச் சார்ந்தோர் செயலற்று நின்று பாடுவதைக் கையறுநிலை என்னும் துறையாக வகுத்தனர் முன்னோர். உலகின் நிலையாமையைப் பாடுவதற்குக் காஞ்சித்திணை இருந்தது. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிகிறது. ஒரு பெண்ணின் சினம் மூள, மாநகர் ஒன்று தீக்கு இரையாகிறது. இவை யாவும் பெரும் வீழ்ச்சிகள். கண்ணால் காணத்தக்கவை, கதறி அழத்தக்கவை.

ஆனால் ஒரு தெருவின் கடைகள் ஒவ்வொன்றாகக் கைமாறுவதை எந்தத் துறையில் அடக்குவது? பாட்டி பேசும் மொழி பேரனுக்குப் பாதி புரிந்து, பின்னர் கால்வாசி புரிந்து, இறுதியில் புன்னகை மட்டுமே இருவருக்கும் பொதுமொழியாக எஞ்சுவதை எந்தத் திணையில் வைப்பது? இங்கே மாண்டவர் எவருமில்லை. எரிந்த நகரும் இல்லை. இன்ன நாளில் இது நிகழ்ந்தது என்று குறிக்கவும் இயலாது. இதனை வீழ்ச்சி என்பதினும் தேய்வு என்பதே பொருந்தும். வீழ்ச்சி ஒரு நிகழ்ச்சி. தேய்வு ஒரு காலம்.

காலத்தைக் காட்டுவதற்கு ஏற்ற இலக்கிய வடிவம் நாவல். எனவே, சமுதாயத்தின் தேய்வைப் பதிவு செய்யும் பொறுப்பு தற்காலத்தில் நாவலுக்கு வந்து சேர்ந்தது. தமிழில் இப்பொறுப்பைச் செம்மையாக நிறைவேற்றிய நாவல்கள் மூன்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’, தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ ஆகியவை அவை. தேய்வைக் கூறும் கதையில் நம்பிக்கை எங்கே இருக்கிறது என்பதே வினா. சிங்கப்பூரில் தமிழ் கற்பிப்போருக்கும் கற்போருக்கும் இவ்வினா வெறும் இலக்கிய வினா அன்று என்பது போகப் போக விளங்கும்.

தேய்வுக் கதையின் இலக்கணம்

இவ்வகைக் கதைகளுக்குப் பொதுவான இயல்புகள் மூன்று உண்டு.

முதலாவது, இவற்றில் தனியொரு கொடியவன் இல்லை. வீழ்ச்சிக் கதையில் பகைவன் வேண்டும். தேய்வுக் கதையிலோ ஒவ்வொருவரும் தத்தம் அளவில் நியாயமான ஒரு காரியத்தைச் செய்கின்றனர். அந்த நியாயங்கள் யாவும் சேர்ந்து ஓர் அநியாயமாக முடிகின்றன.

இரண்டாவது, பெரிய மாற்றம் சிறிய பொருள்களின் வாயிலாகவே காட்டப்பெறுகிறது. ஒரு மரம், ஒரு குடம், ஒரு நாற்காலி ஆகிய இவையே இம்மூன்று நாவல்களின் நடுப்பொருள்கள். சமுதாயத்தை நேரே வருணிக்க முற்படும் ஆசிரியர் சொற்பொழிவில் சென்று முடிவார். குடத்தை வருணிப்பவர் சமுதாயத்தைக் காட்டிவிடுவார்.

மூன்றாவது, முடிவில் யாவும் சீராகிவிடுவதில்லை. ருசிய எழுத்தாளர் செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ என்னும் நாடகம் 1904-இல் முதன்முதல் மேடையேறியது. கடனில் மூழ்கிய பழங்குடும்பம் ஒன்று தன் தோட்டத்தை இழக்கிறது. இறுதிக் காட்சியில் மரங்களை வெட்டும் கோடரி ஓசை கேட்கிறது. தோட்டத்தைக் காப்பாற்ற எவரும் வரவில்லை. எனினும் அந்நாடகம் நூற்றாண்டைக் கடந்தும் நடிக்கப்படுகிறது. காப்பாற்றப்படாத தோட்டத்தைக் காண மக்கள் ஏன் மீண்டும் மீண்டும் வருகின்றனர்? வேறொன்று அங்கே காப்பாற்றப்படுகிறது என்பதனால்தான். அது யாது என்பதை அறியத் தமிழ் நாவல்களுக்கு வருவோம்.

புளியமரம்: நினைவு தரும் நம்பிக்கை

1966-இல் நூலாக வெளிவந்த ‘ஒரு புளியமரத்தின் கதை’, நாகர்கோவிலை நினைவூட்டும் ஓர் ஊரின் கதை. ஊரின் நடுவே ஒரு புளியமரம். அதனைச் சூழ்ந்திருந்த குளம் தூர்ந்து, வெளி விரிந்து, சந்தி உருவாகிறது, கடைகள் எழுகின்றன. மன்னராட்சி போய் மக்களாட்சி வருகிறது. காற்றாடி மரத்தோப்பு அழிந்து பூங்கா ஆகிறது. வணிகப் போட்டி முற்றுகிறது. நகராட்சித் தேர்தல் வருகிறது. மரமே தேர்தலின் பொருளாகிறது. இறுதியில் மரம் பட்டுப்போகிறது.

இதில் எந்த மாற்றமும் தன்னளவில் தீயதன்று. குளத்துச் சேறு போனது நன்று. கடைகள் வந்தது நன்று. மக்கள் வாக்களிப்பது மிக நன்று. ஆயினும் இந்நன்மைகளின் கூட்டுத்தொகை ஒரு மரத்தின் சாவாக முடிகிறது. இந்தக் கணக்கை வாசகன் முன் வைப்பதோடு ஆசிரியர் நின்றுவிடுகிறார். கணக்குக்கு விடை எழுதித் தருவதில்லை.

அவ்வாறாயின் நம்பிக்கை எங்கே? தாமோதர ஆசானிடம் இருக்கிறது. ஊரின் பழங்கதைகளை இளைஞர்களுக்கு அள்ளி வழங்குபவர் அவர். அவர் கூறுவன எல்லாம் மெய்யா என்று ஆராய்ந்தால் ஐயம் எழும். ஆனால் அவர் கூறுவதைக் கேட்டவனே பின்னர் இக்கதையை நமக்குக் கூறுகிறான். ஆசானும் மறைந்தார், மரமும் மறைந்தது, கேட்டவன் எஞ்சினான். மரம் நின்ற இடத்துக்கோ ‘புளியமர ஜங்ஷன்’ என்னும் பெயர் நிலைத்தது.

சிராங்கூன் சாலைப் பகுதியை அறிந்தோர்க்கு இப்பெயர்ச் செய்தி புதிதன்று. தேக்கா வட்டாரத்தில் ஒருகாலத்தில் மாட்டுத் தொழுவங்கள் இருந்தன. எருமைகள் போய்விட்டன, ‘பஃபலோ ரோடு’ என்றும் ‘கெர்பாவ் ரோடு’ என்றும் பெயர்கள் மட்டும் நிற்கின்றன. நாள்தோறும் அப்பெயர்ப்பலகையின் கீழே நடந்து செல்லும் மாணவருள், மலாய்ச் சொல்லான ‘கெர்பாவ்’ எருமையைக் குறிக்கும் என்பதை எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்? பெயர் நினைவுக்கு வாயில். ஆனால் வாயிலைத் திறந்து காட்ட ஓர் ஆசான் வேண்டும். நினைவு தரும் நம்பிக்கையின் வலிமையும் இதுவே, வரம்பும் இதுவே. கேட்பவன் ஒருவன் இல்லாவிடின் அது ஆசானோடு முடிந்துவிடும்.

தண்ணீர்: செயல் தரும் நம்பிக்கை

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ 1970-களின் தொடக்கத்தில் ‘கணையாழி’ இதழில் தொடராக வெளிவந்து நூலாயிற்று. சென்னை நகரின் ஒரு தெருவில் தண்ணீர் வருவதில்லை. அவ்வளவுதான் கதையின் புறச்சூழல். குழாயை நோக்கிக் குடங்கள் அலைகின்றன, தெரு தோண்டப்படுகிறது, வீட்டுக்காரர்கள் கடுமை கொள்கின்றனர், அண்டை அயலார் உறவு வறள்கிறது. தண்ணீர் குறையக் குறைய மனிதரிடையே உள்ள ஈரமும் குறைகிறது என்று ஆசிரியர் ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுதாமலே அதனை உணர்த்துகிறார்.

அத்தெருவில் வாழும் ஜமுனா, திரைப்பட ஆசையால் வாழ்வைச் சிதைத்துக்கொண்டவள். பாஸ்கர் ராவ் என்பவன் அவளைத் தன் தேவைக்குப் பயன்படுத்துகிறான். தங்கை சாயாவும் மனம் கசந்து பிரிந்து செல்கிறாள். ஜமுனா தன்னுயிரை மாய்த்துக்கொள்ள முற்படுகிறாள்; அம்முயற்சி தடைப்படுகிறது. இந்நிலையில் அவள் அண்டை வீட்டு டீச்சரம்மாவின் முன் நிற்கிறாள்.

இக்காட்சியைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஊன்றிப் படித்தல் வேண்டும். துன்புற்ற ஒருத்திக்கு ஆசிரியை ஒருத்தி கூறும் சொற்கள் எவ்வாறு இருக்கும் என்று வாசகன் எதிர்பார்ப்பான்? ஆறுதல் மொழிகளை எதிர்பார்ப்பான், அறவுரைகளை எதிர்பார்ப்பான். டீச்சரம்மா அவ்விரண்டையும் தருவதில்லை. தன்னினும் மிக மூத்த, நோயுற்ற கணவனோடும் கடுஞ்சொல் மாமியாரோடும் தான் நடத்தும் வாழ்வை மறைக்காமல் கூறுகிறாள். அதில் தற்பெருமையும் இல்லை, தன்னிரக்கமும் இல்லை. ‘இந்த வாழ்வையும் ஒருத்தி வாழ்ந்துகொண்டிருக்கிறாள், பார்’ என்று காட்டுவதோடு சரி. தன்னிரக்கத்தில் மூழ்கிக் கிடந்த ஜமுனாவுக்கு முதன்முறையாகப் பிறர் துன்பம் கண்ணிற் படுகிறது. அவள் மீட்சி அங்கே தொடங்குகிறது.

இதன்பின் தெருவில் தண்ணீர் பெருகிவிடவில்லை. மறுநாளும் அதே வறட்சி, அதே குடம். ஆனால் குடத்தைத் தூக்குபவள் மாறியிருக்கிறாள். சாயா திரும்பி வருகிறாள். கருவுற்றிருக்கும் ஜமுனா, பாஸ்கர் ராவ் மீண்டும் வந்து நிற்கும்போது அவனுடன் செல்ல மறுக்கிறாள். ஊராரின் கண்ணுக்கு அவள் நிலை முன்னினும் இழிந்தது. அவளுடைய கண்ணுக்கோ முதன்முறையாக நிமிர்ந்தது.

திருக்குறளில் ‘ஆள்வினையுடைமை’ 62-ஆம் அதிகாரம். ‘இடுக்கண் அழியாமை’ 63-ஆம் அதிகாரம். முயற்சியைக் கூறியவுடனே, முயற்சியினிடையே வரும் துன்பத்துக்குக் கலங்காமையைக் கூறிய அடைவு சிந்திக்கத்தக்கது. துன்பம் நீங்கும் என்பதன்று அங்கே கூறப்படும் உறுதி. துன்பத்தினால் மனிதன் அழிய வேண்டியதில்லை என்பதே. ‘தண்ணீர்’ நாவலின் நம்பிக்கையும் அத்தகையதே.

சென்னையின் தண்ணீர்ப் பஞ்சமும் கதையோடு முடிந்துவிடவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரின் நீர்த்தேக்கங்கள் வறண்டன. சோலார்ப்பேட்டையிலிருந்து ரயில் மூலம் நீர் கொண்டுவரப்பட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன் எழுதிய நாவலை மக்கள் அப்போது நினைத்துக்கொண்டதில் வியப்பில்லை. சிங்கப்பூர் மாணவருக்கோ குழாயைத் திறந்தால் நீர் வரும் என்பது இயற்கை விதி போன்றது. 1963-ஆம் ஆண்டில் இத்தீவிலும் தண்ணீர் பங்கீடு செய்யப்பட்டது; கம்பத்துப் பொதுக்குழாயில் வாளிகள் வரிசையில் நின்றன. அவ்வரிசையில் நின்றோர் இன்று தாத்தா பாட்டியராக உள்ளனர். ‘தண்ணீர்’ நாவலைப் படிக்கும் மாணவன் அன்று மாலை வீட்டில் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்பானாயின், அந்நூல் அவனுக்குப் பாடமாகிவிட்டது எனலாம்.

சாய்வு நாற்காலி: தெளிவு தரும் நம்பிக்கை

1997-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது ‘சாய்வு நாற்காலி’. குமரி மாவட்டக் கடற்கரை இசுலாமியரின் பேச்சும் வாழ்வும் இந்நாவலில் உயிரோடு உலவுகின்றன. முன்னோர் தேடி வைத்த பெருஞ்செல்வம். அதன் கடைசி வாரிசாக முஸ்தபாக்கண்ணு. அவர் உழைப்பதில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி பழம்பெருமை பேசுகிறார். வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக விலைபோகின்றன. வீடும் பெருமையும் சிதைகின்றன.

முன்னைய இரு நாவல்களைப் படித்தவர் இங்கேயும் இரங்கத் தொடங்கலாம். ஆசிரியர் அவ்விரக்கத்தை எளிதில் அனுமதிப்பதில்லை. அப்பெருவீட்டுப் பெண்கள் அடைந்த கொடுமைகளை அவர் வரிசையாகக் காட்டுகிறார். பெருமை என்று பேசப்பட்டதன் அடியில் எத்தனை பேருடைய கண்ணீர் இருந்தது என்பது தெரிகிறது. தெரிந்தபின் வாசகன் தன்னையே வினவுகிறான்: இவ்வீடு நிலைத்திருக்கத்தான் வேண்டுமா?

தேய்வு யாவும் இழப்பன்று என்பது இந்நாவல் கற்பிக்கும் உண்மை. தேய்வன எவை, அவற்றுள் காக்கத்தக்கன எவை, போகத்தக்கன எவை என்று பிரித்தறியும் தெளிவும் ஒருவகை நம்பிக்கையே. பழையன யாவும் பொற்காலம் என்று கருதுவோன் முஸ்தபாக்கண்ணுவின் நாற்காலியில் தானும் சாய்ந்துகொள்கிறான்.

சிங்கப்பூரில் இவ்வினா

நினைவு, செயல், தெளிவு ஆகிய மூன்றும் இம்மூன்று நாவல்கள் காட்டும் நம்பிக்கையின் வடிவங்கள். இனிச் சிங்கப்பூருக்கு வருதல் வேண்டும். ஏனெனில் இங்கும் ஒரு தேய்வு நடைபெறுகிறது. அதன் கணக்கும் அச்சில் உள்ளது. சிங்கப்பூர் இந்தியருள் வீட்டில் பெரிதும் பேசும் மொழி தமிழ் எனக் கூறியோர் 2000-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நூற்றுக்கு 42.9, 2010-இல் 36.7. எல்லா இனத்தாரையும் சேர்த்துக் கணக்கிட்டால் இவ்விழுக்காடு 2010-இல் 3.3, 2020-இல் 2.5. எந்த வீட்டிலும் தமிழ் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. பிள்ளையின் தேர்வு, பெற்றோரின் அலுவல், பள்ளியின் மொழி என ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நியாயம் இருந்தது. நியாயங்களின் கூட்டுத்தொகை என்னவாகும் என்பதைப் புளியமரத்தின் கதை முன்பே கூறியிருக்கிறது.

இந்நிலத்தில் தமிழ்ப் புனைவுக்கு நீண்ட வரலாறு உண்டு. ‘சிங்கை நேசன்’ இதழ் 1887-இல் தோன்றியது. அதன் ஆசிரியர் மகுதூம் சாயபுவின் ‘விநோத சம்பாஷணை’ அடுத்த ஆண்டே அதில் வெளிவந்தது. அன்று தொட்டு இன்றுவரை இம்மண்ணின் வாழ்வைப் பதிந்த எழுத்தாளர் பலர். எனினும் மொழித்தேய்வைப் பொருளாகக் கொண்டு எழுதப்படும் கதைகளுள் பல, இரண்டு அச்சுகளில் ஒன்றில் வார்க்கப்படுகின்றன. ஒன்று, முதியவர் தனிமையில் கண்ணீர் வடிக்க, கதை முடியும். மற்றொன்று, ஆங்கில மோகம் கொண்ட மகன் கடைசிப் பத்தியில் மனம் திருந்தித் தந்தையின் காலில் விழுவான். முன்னது கையறுநிலை, பின்னது கனவு. தேய்வை இரண்டும் காட்டவில்லை. தேய்வுக்கு ஒரு நாளும் ஒரு குற்றவாளியும் கற்பித்துவிட்டு, வாசகனுக்கு விடுதலை தந்துவிடுகின்றன.

இவ்விடத்தில் மறுப்பொன்று எழலாம். இளம் மாணவர்க்குத் தேய்வின் கதைகளைக் கொடுப்பது முறையா? ஏற்கெனவே தமிழின்பால் தயங்கி நிற்பவர்க்கு ‘இது குறைந்து வருகிறது’ என்றும் கூறினால் உள்ள பற்றும் போகாதா? இவ்வச்சம் நல்லெண்ணத்தில் பிறந்ததே, புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் மாணவன் கண்ணில்லாதவன் அல்லன். தன் வீட்டில் தமிழ் எந்த அளவில் பேசப்படுகிறது என்பதை அவன் ஆசிரியரினும் நன்கறிவான். அவன் காணும் உண்மையை மறைக்கும் நூலை அவன் நம்பமாட்டான். நூலை நம்பாதவன் மொழியையும் நம்பமாட்டான். டீச்சரம்மா ஜமுனாவிடம் பொய் கூறியிருந்தால் ஜமுனா எழுந்திருக்கமாட்டாள்.

எனவே மாற்ற வேண்டியது நூல் அன்று. வகுப்பறையில் கேட்கப்படும் வினாவே. ‘இக்கதை புகட்டும் படிப்பினை யாது?’ என்பது நெடுங்காலமாக வழங்கும் வினா. தேய்வுக் கதைகளுக்கு அவ்வினா பொருந்தாது. அதற்கு மாணவன் ஒரு பொன்மொழியை எழுதிவிட்டு நூலை மூடிவிடுவான். அதற்கு மாறாக மூன்று வினாக்களைக் கேட்கலாம். இக்கதையில் என்ன குறைந்து வருகிறது? அது குறைவதை முதலில் கண்டுகொண்டவர் யார்? கண்டபின் அவர் செய்த செயல் எது? முதல் வினா கண்ணைத் திறக்கும். இரண்டாவது மனத்தைத் திறக்கும். மூன்றாவது கையை அசைக்கும். இவற்றுக்கு விடை தேடும் மாணவன் முடிவுப் பத்தியை மட்டும் படித்துத் தப்பிவிட இயலாது. நூல் முழுவதையும் படித்தல் வேண்டும்.

எழுதப்படாத ஒரு நாவல்

சிங்கப்பூரில் இவ்வகை நாவலுக்குரிய கருப்பொருள் ஒன்று காத்துக்கிடக்கிறது. 1946-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கின் முயற்சியால் தொடங்கப்பெற்றது உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. 1960-இல் அது உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. தமிழிலேயே அறிவியலும் கணிதமும் வரலாறும் கற்பித்த அப்பள்ளி, மாணவர் தொகை ஆண்டுக்காண்டு சுருங்க, 1982-இல் மூடப்பெற்றது. அதனோடு இந்நாட்டில் தமிழ்வழிக் கல்வி முடிவுற்றது. அப்பள்ளியைப் பகைவர் எவரும் இடிக்கவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிய பெற்றோர் ஒவ்வொருவராக வேறு பள்ளியின் படியேறினர். அவர்களுள் எவரைக் குற்றம் கூறுவது?

கதை அத்துடன் முடிந்திருந்தால் அது கையறுநிலை. ஆனால் அடுத்த ஆண்டே, 1983-இல், அதே புலவரின் பெயரால் தமிழ்மொழி நிலையம் ஒன்று தொடங்கிற்று. தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர், பள்ளி நேரம் முடிந்தபின் பேருந்திலும் ரயிலிலும் ஏறி அங்கு வருகின்றனர். பள்ளி போயிற்று, பெயரும் பணியும் வேறு உருவில் எஞ்சின. இழந்ததை இது ஈடு செய்துவிட்டதா? இல்லை. எல்லாப் பாடமும் தமிழில் நடந்த இடமும் ஒரு பாடம் மட்டும் தமிழில் நடக்கும் இடமும் ஒன்றாகா. ஆயினும் பள்ளி நாள் முழுவதும் உழைத்துக் களைத்த சிறுவன் ஒருவன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இன்னொரு வகுப்புக்கு நடந்து வருகிறான். ஆசிரியர் ஒருவர் அவனுக்காகக் கரும்பலகையின் முன் காத்து நிற்கிறார். ஜமுனா தூக்கிய குடத்துக்கும் அவன் தூக்கிவரும் பைக்கும் வேறுபாடு பெரிதன்று.

இதனை எழுதவல்ல எழுத்தாளர் வருதல் வேண்டும். அவர் முதியவரை அழவைத்து முடிக்காதிருப்பாராக. மகனைக் காலில் விழவைத்து முடிக்காதிருப்பாராக. மூடிய கதவையும் மறுநாள் திறந்த கதவையும் உள்ளவாறே காட்டுவாராக. அவரை உருவாக்கும் கடமை தமிழாசிரியருக்கு உண்டு. ஏனெனில் அந்த எழுத்தாளர் இப்போது ஏதோ ஒரு வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து, ஆசிரியர் கேட்கப்போகும் வினாவுக்காகக் காத்திருக்கலாம்.